குனிந்தால் தெரிகிற வீடு

சித்திரை பிறந்து நாலாம் நாள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. மேலே ஃபேன் சுற்றுகிறது. ஏற்காடு போகிற பஸ் ரவுண்டானாவில் திரும்பும்போது அடிக்கிற ஆரன் கேட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமரத்துக் குயிலும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வேறென்ன? கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த பிறகுதான் உறைத்தது. வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் இல்லை.

முப்பத்தோரு வருஷமாக என்னை எழுப்பிவந்தது அந்தச் சத்தம்தான். நான் என்னவோ தானாக எழுந்திருக்கிற ஆள் என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. "ஆறு வாரம் மாவுக்கட்டு. கைக்கு எந்த வேலையும் கூடாது" என்றார் டாக்டர். அடிபட்டது அவளுக்கு. டாக்டர் பார்த்தது என்னை.

இதில் எனக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. நண்பர்கள் நடுவில் நான் வீட்டழகு பேசுகிற ஆள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த மூன்று வருஷமும் தினம் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டுவிடுவேன். கோலத்தின் மேல் உதிர்ந்த வேப்பம்பூ. சிவப்புத் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல். தோசைக்கல்லிலிருந்து எழும்புகிற ஆவி. கீழே இரண்டு வரி தத்துவம். முப்பது பேர் கைதட்டுவார்கள். கோலத்தைப் போட்டது யார், தரையைத் துடைத்தது யார், தோசை வார்த்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்த ஆறு வாரமும் குழுவில் என் படம் எதுவும் வரவில்லை. கையில் ஒன்று மாவு இருக்கும், இல்லாவிட்டால் சோப்பு நுரை இருக்கும். போனை எங்கே தொடுவது?

எங்கள் வீடு அஸ்தம்பட்டியில், அப்பா 1974-ல் கட்டியது. ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதென்றால் "ஜெயிலுக்குப் பக்கத்துல..." என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மத்திய சிறைதான் எங்கள் பகுதியின் மூத்த குடித்தனக்காரர். மொட்டை மாடி ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஐந்தரை அடி உயரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கீழே இறங்கியது இப்போதுதான்.

வாசலில் தொடங்குகிறேன், அங்கேதான் முதல் அவமானம். தண்ணீர் தெளிப்பது பெரிய விஷயமா என்று வாளியோடு போனேன். அள்ளி வீசினேன். பாதி என் வேட்டியில் விழுந்தது, மீதி ஒரே இடத்தில் குளமாகத் தேங்கியது. படியில் உட்கார்ந்திருந்த மனைவி கட்டுப் போடாத இடது கையைக் குவித்து, மணிக்கட்டைச் சுண்டிக் காற்றில் செய்து காட்டினாள். அப்படிச் சுண்டினால்தான் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து புழுதியை மட்டும் அமர்த்தும், மண்ணைக் குழைக்காது. அவளுக்கு இடது கையில் வந்தது எனக்கு வலது கையில் வர ஒரு வாரம் ஆனது.

அடுத்தது மாவு. எதிர் வீட்டு அக்கா எழுபதைத் தாண்டியவர், நான் டிரவுசர் போட்ட காலத்திலிருந்து பார்த்தவர். தன் வாசலை முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, கோழிக்குத் தீனியா போடுற?"

"கோலம்க்கா."

"மாவ நீ தள்ளாத. அது ரெண்டு வெரலுக்கு நடுவுல தானா எறங்கணும். உன் வேலை கைய நகத்துறது மட்டும்தான்."

அவ்வளவுதான் பாடம். ஆனால் அதற்குள் எல்லாம் இருக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில் ஒரு சின்ன வழி விட வேண்டும். கை நின்றால் கோடு தடிக்கும். ஓடினால் நூலாக மெலியும். பேனாவுக்கு அழுத்தம் என்றால் இதற்கு வேகம். வளைவில் கை தானாகவே தயங்கும், அந்த இடத்தில் மாவு கொட்டி முடிச்சு விழும். என் மனைவியின் வளைவுகளில் அந்த முடிச்சைப் பார்த்ததே இல்லை. அது இல்லாததால்தான் அவை அழகாக இருந்தன என்பது, முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்கிய எனக்கு, குந்தி உட்கார்ந்து முழங்கால் கடுத்த பிறகுதான் புரிந்தது.

ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி. இதுதான் என் முதல் லட்சியம். நடுவில் ஏழு, இரு பக்கமும் ஆறு, ஐந்து, நாலு. மொத்தம் 37 புள்ளி. நான் இதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். "எண்ணிக்கிட்டே இருந்தீங்கன்னா கோடு நின்னுருங்க" என்றாள் மனைவி. அவள் எண்ணுவதில்லை. எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்ப வேண்டும் என்பதை விரல் வைத்திருக்கிறது.

இதைக் கணக்காகப் படித்தவர்கள் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் சேர்ந்து கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கொண்டு, சில அடிப்படைத் துண்டுகள், அவற்றை அடுக்குவதற்குச் சில விதிகள் என்று இலக்கணம் எழுதினார்கள். கணினி அறிவியலில் படங்களை விவரிக்கும் முறைக்கு அந்த ஆராய்ச்சி உதவியது. கட்டுரை வெளிவந்த வருஷம் 1974. எங்கள் வீட்டு வாசலில் அம்மா முதல் கோலம் போட்ட அதே வருஷம். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாத அம்மாவிடம் போய் "நீ போடுறது இலக்கணம்" என்று யாராவது சொல்லியிருந்தால், "போடா, பால் பொங்குது" என்றிருப்பாள்.

கடைக் கோலமாவு கல்லைப் பொடித்தது. எறும்பு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டாம் வாரம் ஆர்வம் மிஞ்சி, பச்சரிசி மாவில் போட்டேன். கோலத்தைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த விஜயா நாகராஜன் தன் புத்தகத்துக்கே 'ஃபீடிங் எ தவுசண்ட் சோல்ஸ்' என்றுதான் பெயர் வைத்தார். ஆயிரம் உயிருக்குச் சோறு போடுவது. எங்கள் வாசலுக்கு ஆயிரம் வந்ததா தெரியாது, ஏழு மணிக்குள் கட்டெறும்பு வரிசையும், ஒரு அணிலும், இரண்டு சிட்டுக்குருவியும் வந்துவிட்டன. ஏழரைக்குப் பால் வண்டிக்காரத் தம்பி நடுக்கோலத்தில் டிவிஎஸ்ஸை ஏற்றி நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்கு வேற போடணும்ல? எடம் வேணாமா?"

உள்ளே வருகிறேன். எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் காவித் தரை, ரெட் ஆக்சைடு. ஓய்வு பெற்ற பணம் கைக்கு வந்த சமயத்தில் இதை உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். வயதானவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் மண்டியிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"ஒடைக்கச் சொன்னீங்கன்னா ஒடைச்சுர்றேங்க, எனக்குக் கூலி. ஆனா மறுபடி இப்படி ஒண்ணு போடச் சொன்னா என்னால ஆகாதுங்க."

அவர் சொல்லித்தான் இந்தத் தரை எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டேன். சிமெண்ட்டும் காவிப்பொடியும் கலந்த மேல்பூச்சு, ஒரு அறை என்றால் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று பாதியில் விட்டால் ஒட்டுத் தெரியும். உள்சுவரிலிருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசற்படியில் வந்து முடிப்பார்கள். முதலில் மணியாஸ் கட்டையால் மட்டம். பிறகு ஈரம் இழுக்க இழுக்கக் கரண்டியை விடாமல் போட்டு இழைக்க வேண்டும். கை ஓய்ந்த இடம் சொரசொரப்பாகவே நின்றுவிடும். அதன் பிறகு வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி ஒரு வாரம் ஊறப்போடுவது. கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பது.

"எங்கம்மா சித்தாளா இந்த மாதிரி எத்தனையோ தரை தேய்ச்சிருக்குங்க. சிமெண்ட்டு தோல அரிச்சுரும். ராத்திரி கையில எண்ணெயப் போட்டுக்கிட்டு தூங்காம உக்காந்திருக்கும்" என்றார்.

டைல்ஸ் யோசனையைக் கைவிட்டேன். அன்றைக்கே தரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன், 'இனி எவராலும் போட முடியாத தரை' என்று. மேஸ்திரியின் அம்மா கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீளமாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

சரி, இந்த ஆறு வாரத்துக்கு வருகிறேன். மாப் குச்சியால் துடைத்தால் காவித் தரையில் வரி வரியாக நிற்கும். துணியைப் பிழிந்து, குந்தியிருந்து பின்னாலே நகர்ந்துதான் துடைக்க வேண்டும். அதாவது தரை போட்டவர்கள் எந்தத் திசையில் போனார்களோ அதே திசையில். அப்படிப் போகும்போது தரை வேறு மாதிரி தெரிகிறது. ஜன்னலை ஒட்டி வெயில் தின்று வெளிறிய ஒரு நீளப்பட்டை. சாமி அறை வாசலில் ஐம்பது வருஷத்து எண்ணெய் இறங்கிக் கறுத்த வட்டம். ஊஞ்சலுக்குக் கீழே கால் உந்தி உந்தி வழுவழுத்த இரண்டு தடம். கூடத்து மூலையில் நான் சின்ன வயதில் கோலிக்குண்டு ஆட ஆணியால் தோண்டி அடிவாங்கிய பள்ளம். அதை அப்பா பூசி அடைத்த இடம் இன்னும் ஒரு சாயல் அதிகச் சிவப்பு. சிவப்பு என்கிறோமே, இது வேறொன்றுமில்லை, இரும்பின் துரு. இரும்பு ஆக்சைடு என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சமையலறையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அங்கே சிவப்பே இல்லை. சாம்பல் நிறச் சிமெண்ட் தெரிகிறது, இரண்டு திட்டாக. பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து. முதலில் ஏதோ ஆசிட் கொட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவை பாதங்கள். முதலில் அம்மா இருபது வருஷம், பிறகு கொஞ்ச காலம் இருவரும், பிறகு இவள். அதே இடத்தில் நின்று அரைச் சுற்றுத் திரும்பித் திரும்பிக் காவி தேய்ந்துபோயிருக்கிறது.

எழுந்து அதன் மேல் நின்று பார்த்தேன். என் பாதம் நாலாபக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988-ல் வந்தது. வந்த புதிதில் வாங்கிப் படித்து, வங்கி நண்பர்களிடம் ஒரு மாதம் அதைப் பற்றியே பேசினேன். வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து காபி கேட்டேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் கோலத்துப் படம் போட்ட கதைதான்.

பாத்திரத்துக்கு வருவோம். சேலத்துக்காரர்களுக்குப் பாத்திரத்தில் ஒரு மிதப்பு உண்டு. கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களில் அங்கே உருட்டிய தகடு வெளியே போகத் தொடங்கியதும், வெளியூர்ப் பாத்திரக் கடைகளில் "சேலம் ஸ்டீலா?" என்று கேட்டு வாங்குகிற வழக்கம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஸ்டெயின்லெஸ் என்று சொல்வதில்லை, எவர்சில்வர்தான். அதற்கு முன்னால் இருந்தது பித்தளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பண்டமாற்று நடந்தது. 'பழைய பித்தளைக்கு எவர்சில்வரேய்' என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, அம்மாயி சீராகக் கொடுத்த அண்டா, தவலை, இரண்டு குடம், குத்துவிளக்கில் ஒன்று எல்லாவற்றையும் அம்மா திண்ணையில் வரிசையாக வைத்துப் பேரம் பேசிக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு அடுக்கு டப்பா, ஆறு டம்ளர், ஒரு தூக்குப்போசி. அன்றைக்கு அம்மா முகத்தில் இருந்த பூரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரியவனான பிறகு அதை ஒரு பெரிய நஷ்டமாகச் சொல்லித் திரிந்தேன். பரம்பரைச் சொத்து, கலை, ரசனை என்றெல்லாம்.

தப்பித்தது ஒரே ஒரு பித்தளைச் சொம்பு. சாமி அறையில் இருந்ததால் பேரத்துக்கு வரவில்லை. சின்னது, முக்கால் லிட்டர் பிடிக்கும். கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரை வெட்டியிருக்கிறது. கடைசி இரண்டு எழுத்து தேய்ந்து தடவினால் மட்டும் தெரியும். வயிற்றில் ஒரு நெளிசல். அடிப்பக்கம் தேய்ந்து லேசாக ஆடும்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை இந்திய அரசு அழைத்து, நாடு முழுக்கச் சுற்றிப் பார்க்கவைத்து, ஓர் அறிக்கை வாங்கியது. 1958-ல் அவர்கள் கொடுத்த அந்த அறிக்கைதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரக் காரணம். தாங்கள் இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே தலைசிறந்தது என்று அவர்கள் எடுத்துக்காட்டியது கோயிலையும் இல்லை, பட்டையும் இல்லை. சொம்பைத்தான். அது கையில் எப்படி உட்காருகிறது, இடுப்பில் எப்படி உட்காருகிறது, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, ஊற்றும்போது தண்ணீர் எப்படி வருகிறது, கல்லின் மேல் வைத்தால் என்ன சத்தம், கழுவ வசதியா, விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு நீளப் பட்டியலே போட்டார்கள். எந்தத் தனி ஒருவரும் யோசித்துச் செய்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்த வடிவம் என்றார்கள்.

இந்தச் செய்தியை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! ஆனால் சொம்பைத் தேய்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அது பளபளக்க வேண்டும். புளியை ஊறப்போட்டு, அதில் கல் உப்புக் கொஞ்சம் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்னாள் மனைவி. பத்து நிமிஷத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கறுப்பு கரைந்து, ஒரு ரோஸ் நிறம் வந்து, அதற்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. புளியில் இருக்கிற அமிலம் களிம்பைக் கரைக்கிறது என்பது தெரியும். கண்ணெதிரே ஒரு பாத்திரம் வெளுப்பது வேறு. கழுத்து வளைவுக்குள் விரல் போகவில்லை, நெளிசலில் அழுக்கு நின்றுவிட்டது, விரல் நுனி சுருங்கி எரிந்தது. இருபது நிமிஷம், ஒரு சொம்பு. அழகுதான், ஈம்ஸ் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஒரு அண்டா, ஒரு தவலை, இரண்டு குடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா மீது சொல்லிவந்த குற்றச்சாட்டை நாற்பது வருஷம் தாமதமாக வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

(அந்த முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட்டுதான் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் தள்ளுவண்டியில் கட்டி வாங்கி வந்தேன். நாலாம் நாள் "பீட்ரூட் துருவலையே பார்க்க முடியலைங்க" என்றாள். ரசம் வைக்கப் பழகியது அப்படித்தான்.)

ஆறு வாரத்தில் எது சந்தோஷமாக இருந்தது என்று கேட்டால் வடகம் போட்டதைச் சொல்வேன். சித்திரை வெயிலில் வருஷா வருஷம் எங்கள் வீட்டில் மூன்று கிலோ ஜவ்வரிசியில் வடகம் போடுவது வழக்கம். பாதி பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போகும். இந்த வருஷம் வேண்டாம் என்று மனைவி சொன்னாள், ஆனால் சொல்லும்போது மாடியைப் பார்த்துச் சொன்னாள். "நான் போடுறேன், நீ சொல்லு" என்றேன்.

ஜவ்வரிசிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு தற்செயலாக வந்தது. அசல் சேகோ பனை மாதிரியான ஒரு மரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது, மலேயாப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில் கருவாட்டு வியாபாரியாக இருந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கு பழக்கம் உள்ள பொபட்லால் ஷாவும் சேர்ந்து, நம் குச்சிக்கிழங்கு மாவிலிருந்தே உருட்டிப் பார்த்தார்கள். தூளி மாதிரித் துணியைக் கட்டி மாவை ஆட்டி ஆட்டி மணியாக்கிய கைத்தொழில், பிறகு சேலம், நாமக்கல் வட்டாரம் முழுக்க ஆலைகளாகப் பெருகியது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலை நாலு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். வெள்ளை மணிகள் கொதிக்கக் கொதிக்க ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டே வரும். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளி மறைகிற நேரத்தில் இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வடகம் பொரியாது, பிந்தினால் கூழ் ஓடும். அதுவரைக்கும் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம், எலுமிச்சைச் சாறு. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, நனைத்து விரித்த பழைய வேட்டியில் குழிக்கரண்டியால் வட்டம் வட்டமாக விட்டேன். மனைவி கைப்பிடிச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, "தள்ளி விடுங்க, ஒட்டிக்கும்" என்று அரை நிமிஷத்துக்கு ஒருதரம் சொன்னாள். நூற்று எண்பத்தாறு வட்டம். எண்ணினேன், இதில் எண்ணலாம் என்று அனுமதி இருந்தது.

ஏழு மணி வெயில் மலைக்குக் கிழக்கிலிருந்து சாய்வாக வந்து வேட்டியின் மேல் படுத்தது. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நூறு நூறு மணி, ஒவ்வொரு மணியிலும் ஒரு சூரியன். சட்டைப் பையைத் தொட்டேன். போனைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இறங்கிப்போய் எடுத்து வருவதற்குள் காக்கை வந்துவிடும். எடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மலையில் கருக்கட்டியது. சேர்வராயன் மேல் முட்டாகக் கறுத்தால் அரை மணி நேரத்தில் அஸ்தம்பட்டிக்கு மழை வரும், சில நாள் கால் மணியிலேயே வந்துவிடும். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். ஒரு முனையை நான், இன்னொரு முனையை மாடிக்கே ஓடிவந்த எதிர் வீட்டு அக்கா. நூற்று எண்பத்தாறையும் மடங்காமல் படியிறக்கிக் கூடத்தில் காவித் தரை மேல் விரித்து ஃபேனைப் போட்டோம். கட்டிலுக்கு அடியில் வைக்கோலில் பழுக்கப் போட்ட மல்கோவா வாசம், ஈரமண் வாசம், ஜவ்வரிசியின் புளிப்பு வாசம். மூன்று பேரும் வடகத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். டீ நான் போட்டது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர கொஞ்சம் கொறச்சுக்க தம்பி" என்றார்.

வைகாசி பாதியில் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் வெளுத்திருந்தது. மறுநாள் விடியற்காலை 'சளப்' என்று சத்தம் கேட்டு எழுந்து வெளியே போனேன். ஐந்து புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு நடுங்கியது. ஒரு வளைவில் மாவு கொட்டி முடிச்சு விழுந்தது. கையை உதறிவிட்டு, காலால் மொத்தத்தையும் தேய்த்து அழித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பேசாமல் டப்பாவை எடுத்து, குந்தி, ஏழு புள்ளி போட்டேன்.

அப்போது பின்னால் வந்து நின்று அவள் ஒரு படம் எடுத்திருக்கிறாள், என் போனிலேயே. எடுத்து, என் பெயரிலேயே, அந்தக் குழுவில் போட்டுவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வழுக்கைத் தலை, குனிந்திருக்கிறது. ஒன்பது மணிக்குள் ஐம்பத்து நாலு கைதட்டல். 'என்ன மனுஷன்யா நீ', 'வணங்குகிறேன்', 'கண் கலங்கிவிட்டது' என்றெல்லாம் வந்திருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவள் போட்டது பதினோராயிரம் கோலத்துக்கு மேல் இருக்கும். அவளுடைய கை எப்படி இருக்கிறது என்று அந்த ஐம்பத்து நாலு பேரில் ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்.

இப்போது திங்கள், புதன், சனி வாசல் என் முறை. வெள்ளிக்கிழமையை விட்டுத்தர மாட்டேன் என்கிறாள். மார்கழிக்குள் பதினைந்து புள்ளி பழகிவிட வேண்டும். இன்றைய தேதிக்கு ஏழைத் தாண்டினால் சிக்கிக்கொள்கிறது.